மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் வேண்டாமா?

"கூலிக்காரன் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லும் மேதாவிகள் இன்றும் இருக்கிறார்கள். ஏறாமல் போவது ஏன் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

கறம்பக்குடிப் பக்கமோ கந்தர்வகோட்டைப் பக்கமோ சிறிய தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புகள் 5. பிள்ளைகள் 60-க்கு மேற்படாவிட்டால் வாத்தியார் இருவர். இது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் போட்டுக் கொடுத்த கணக்கு! ஒன்றாம் வகுப்புக்கு அவர் 'அ' எழுதிக் காட்டும்போது, மூன்றாம் வகுப்பு பக்கத்திலேயே கடன் வாங்கிக் கழித்தலோடு மல்லுக்கட்டுகிறது. தமிழும் அவரே, கணக்கும் அவரே, ரிஜிஸ்தரும் அவரே. அவரைச் சோம்பேறி என்பது சுலபம். ஒரே ஆளுக்கு இரட்டிப்பாகச் சைடுகளைக் கொடுத்துவிட்டு, இழை அறுகிறதென்று அபராதம் போடும் மில் முதலாளியின் நியாயம் அது. மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே சட்டம், 6 முதல் 8 வரை அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அஸ்திவாரம் போடும்போது இல்லாத கொத்தனாரை மாடி கட்டும்போது அனுப்பி என்ன பயன்?

குறுவள மையத்தில் பயிற்சி கொடுக்கிறோமே என்பார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தால் அது பயிற்சியா? வகுத்தலில் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது, ஒரு வாத்தியார் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நமது ஜில்லா இதில் முன்னே நின்ற ஜில்லா. 1991-92ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெரியவர்களுக்கு முதற்பாடமாக வந்த சொல் 'பட்டா'. நிலமில்லாதவர்க்கு எந்தச் சொல் உறைக்கும் என்று யோசித்துப் போட்ட பாடம் அது. கல்குவாரிப் பெண்கள் படித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களும் "ஏறாது" என்று ஒதுக்கப்பட்டவர்கள்தானே?

ஆகவே நாம் கேட்கிறோம்: குறுவள மையம்தோறும் கணக்குக்கு ஒருவர், தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் பொறுப்பாசிரியராக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவர் அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் வகுப்பெடுத்துக் காட்டட்டும். அன்று அவர் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். இல்லையேல் இதுவும் கூடுதல் சுமையாகவே முடியும். இன்ஸ்பெக்டர் வேலை வேண்டாம், குறிப்பெடுத்து மேலே அனுப்ப ஏற்கெனவே ஆட்கள் உண்டு. பணம் இல்லையாம்! பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ல் நம் பிள்ளைகளுக்குரிய நிதியை நிறுத்திவைத்த மத்திய சர்க்காருக்கு இதைச் சொல்ல வாயுண்டா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்பது சட்டம். அரை நாள் கூலி போகும்தான். ஆனாலும் போய் உட்காருங்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.