நடத்திப் பார்த்துட்டுப் பேசுங்க

ஒரு சாகசப் பிரதியை வாசித்துவிட்டு 'அருமை' என்று சொல்வது, சமையல் குறிப்பை வாசித்துவிட்டு உப்பு சரியா இருக்கு என்று சொல்வதற்குச் சமம். 'சுமார்தான்' என்று சொல்வதும் அதேதான். இரண்டு பேருமே அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

சாகசப் பிரதி என்று நான் சொல்வது டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்காக எழுதப்படுவதை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கூட்டாக ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் ஆட்டம். கேம் மாஸ்டர் என்று ஒருவர் மிச்சம் எல்லாமாகவும் இருப்பார்: காவல்காரர், பேய், மழை, டீக்கடைக்காரர். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததிலிருந்து இதற்கென்றே ஓர் எழுத்து வகை வளர்ந்திருக்கிறது. என்னென்ன இடங்கள், யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், எங்கே ஆபத்து என்று கேம் மாஸ்டர் கையில் கொடுக்கும் சரக்கு. முடிவு அதில் இருக்காது. முடிவையும் எழுதிவைத்தால் அது சிறுகதை.

மாதவரத்தில் நாங்கள் ஆடும் மேசையில் இப்போது மூன்று பேர் இப்படி எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒருவர் பிரதியை ஒருவர் பார்த்துக் குறை சொல்ல ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல யோசனை. ஆனால் பேச்சு வந்த பத்தாவது நிமிடத்தில், தலைமை தாங்க ஒரு மூத்த எழுத்தாளரைக் கூப்பிடலாமா, இரண்டு பேர் மதிப்புரை வாசிக்கலாமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். போர்வை போர்த்துவது ஒன்றுதான் பாக்கி. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தமிழுக்குக் குறை கேட்கும் பழக்கம் புதிதில்லை. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதம்தோறும் பத்திரிகைக் கதைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தது. இரண்டுமே மதிப்புக்குரியவை. ஆனால் இரண்டும் எழுதி முடித்த பிரதிக்குத் தீர்ப்புச் சொல்பவை. எங்களுக்குத் தீர்ப்பு வேண்டாம். ரிப்பேர் வேண்டும்.

தருமி கதையைக் கொஞ்சம் வேறு மாதிரி பாருங்கள். எழுதியவர் ஒருவர், சபையில் வாசிப்பவர் இன்னொருவர். நக்கீரர் ஒரு கேள்வி கேட்டதும் தருமிக்குப் பதில் இல்லை, ஏனென்றால் பாட்டு அவருடையது இல்லை. நாம் சிரிக்கிறோம். ஆனால் அடுத்தவர் எழுதிய சாகசத்தை நடத்தும் ஒவ்வொரு கேம் மாஸ்டரும் தருமிதான். எதிரே நான்கு நக்கீரர்கள். 'அந்தக் கதவை உடைக்காம கூரை மேல ஏறினா?' என்று ஒருவர் கேட்பார். எழுதியவர் அங்கே இருக்க மாட்டார். பிரதியில் பதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிலைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது விஷயம் இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் குழுவின் வேலை ஒன்றே ஒன்று: தருமி எங்கே திக்குகிறார் என்று பார்ப்பது. அதற்கு எழுதியவர் அல்லாத ஒருவர் அதை நடத்தியே ஆகவேண்டும். எழுதியவர் அதே அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நெற்றிக்கண் திறக்க அனுமதி கிடையாது. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் டேமன் நைட்டும் நண்பர்களும் தொடங்கிய அறிவியல் புனைகதைப் பட்டறையின் பெயரால் பரவிய முறையிலும் இதே கட்டுப்பாடு உண்டு: எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசக்கூடாது. அங்கே அது மரியாதை. இங்கே அது சோதனையே. எழுதியவரே நடத்தினால் எந்தச் சாகசமும் ஜம்மென்று ஓடும், ஏனென்றால் விடுபட்டதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. என் தொழிலில் 'என் மெஷின்ல ஓடுதே' என்று சொல்லும் ஆளை எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மேசையிலிருந்து ஓர் உதாரணம். துறைமுகம் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர் வரிசை. விடிவதற்குள் ஒரு குறிப்பிட்ட கன்டெய்னரைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். டீசல் வாசனை, கிளீனர் பையன்களின் தூக்கம், பம்பருக்குக் கீழே எரியும் ஸ்டவ், எல்லாம் அவ்வளவு அழகு. நடத்தும்போது நாற்பது நிமிடம் ஆட்டம் செத்துக் கிடந்தது. துப்பு முழுவதும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கிளார்க் ஒருவரிடம் இருந்தது. ஆடியவர்கள் அவர் இருக்கும் பக்கமே போகவில்லை. டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், சீலை உடைத்தார்கள், ஒருவன் லாரிக்கு அடியில் படுத்தே விட்டான். எதற்கும் பிரதியில் ஒரு வரி இல்லை. வாசிப்பில் இந்த ஓட்டை தெரியாது, ஏனென்றால் வாசகர் எழுதியவர் கூட்டிப்போகும் வழியில் ஒழுங்காகப் போவார்.

அடுத்தது மொழி. இதை வெளியூர்ப் பட்டறை எதுவும் நமக்குச் செய்து தராது. கேம் மாஸ்டர் சத்தமாக வாசிப்பதற்கென்று சாகசத்தில் கட்டம் போட்ட பத்திகள் இருக்கும். 'நீங்கள் ஓர் இருண்ட மண்டபத்தைக் காண்கிறீர்கள்' என்று எழுதுகிறோம். மேசையில் அதை வாசித்ததும் செய்தி அறிக்கை ஆரம்பித்த மாதிரி எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அடுத்த நிமிடமே 'டேய், நீ போய்ப் பாரு' என்று பேச்சு இறங்குகிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு படி என்றால் நம்மிடம் ஒரு மாடி. முழுக்கப் பேச்சில் எழுதினாலும் சிக்கல் உண்டு. ராயபுரத்துப் பேச்சில் எழுதியதைத் திருநெல்வேலிக்காரர் வாசித்தால் மிமிக்ரி ஆகிவிடும். தெருக்கூத்து இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. ராஜா பாட்டிலும் விருத்தத்திலும் பேசுவார், கட்டியங்காரன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டு, அதைச் சபையின் பேச்சில் போட்டு உடைப்பார். கேம் மாஸ்டர் கட்டியங்காரனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் கட்டம் போட்ட பத்தியை இரண்டு வரிக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தை அவர் தன் வாயால் சொல்லக் குறிப்பாகக் கொடுக்கலாம்.

விளிச்சொல் இன்னொரு தலைவலி. ஆங்கிலப் பிரதியில் காவல்காரர் எல்லோரையும் ஒரே 'யூ' போட்டுப் பேசிவிடலாம். தமிழில் அவர் வாயைத் திறந்ததும் 'தம்பி'யா, 'சார்'ஆ, 'ஏய்'யா என்று முடிவாக வேண்டும். அதிலேயே வயது, காசு, சில சமயம் சாதிகூட வந்து நின்றுவிடுகிறது. எழுதியவர் அதை யோசிக்காவிட்டால் கேம் மாஸ்டர் அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லுவார், ஆடுகிறவர் முகம் மாறும். மேசையில் உட்கார்ந்தால்தான் அந்த முகம் தெரியும்.

ஊரைப் பற்றி எழுதும்போது குறை இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். அதைச் சாகசத்தில் வைக்க ஆசை வரும். வைக்கலாம். ஆனால் கரையில் நின்று பரிதாபப்படுவதைத் தவிர ஆடுகிறவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லையென்றால் அது வெறும் போஸ்ட்கார்ட். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்காளச் சாயலில் ஒரு நிலத்தை எழுதினார். அந்தத் தொகுப்புக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனமும் எடிட்டர்களும் இருந்தார்கள். மாதவரத்தில் எழுதுகிறவருக்கு இருப்பது பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் வடசென்னையில் ஒரு கேரம் போர்டு பக்கம் போய் நிற்கலாம். 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். போர்டைச் சுற்றி நிற்பவர்கள் ஒரு ஷாட்டையும் சும்மா விடுவதில்லை. கேட்டுக்கொள்கிறார்கள், ஏனென்றால் சொல்கிறவன் அடுத்த ஆட்டத்தில் உட்காரப்போகிறவன். எங்கள் விதியும் அதுதான்: மற்றவர் சாகசம் ஒன்றை நடத்தாதவர் தன் பிரதியைக் கொண்டுவரக் கூடாது. குறையையும் பெயரடை இல்லாமல் சொல்ல வேண்டும். 'பத்து நாற்பதுக்கு எல்லோரும் சும்மா இருந்தோம், மூன்றாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்' என்றால் போதும். எழுதியவர் மனம் புண்படுமே என்று நடுவில் பாராட்டைத் திணிக்கத் தேவையில்லை. பத்து நாற்பது யாரையும் திட்டாது.

விளையாட்டுக்கு எதுக்குடா இவ்வளவு கெடுபிடி என்று எங்கள் மேசையிலேயே ஒருவர் கேட்டார். ஐந்து பேர், நாலு மணி நேரம், ஒரே விடுமுறை நாள். அது போகட்டும். மோசமான பிரதியை முதல்முறை நடத்துகிற பெண்ணோ பையனோ திக்கும்போது தப்பு எழுத்தில் இருக்கிறது என்று நினைப்பதில்லை. தனக்கு இது வராது என்று நினைத்து அடுத்த வாரம் வராமல் போய்விடுகிறார்கள். அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு பேரும் நன்றாகக் கதை சொல்லக்கூடியவர்கள்.

மூத்த எழுத்தாளர் வரட்டும், தடையில்லை. கன்டெய்னர் சாகசத்தின் இரண்டாம் வரைவு தயாராக இருக்கிறது, இந்தத் தடவை கிளார்க்கைப் பார்க்காமலே போக மூன்று வழி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை அவரே நடத்தட்டும், அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லட்டும்.