செங்கமாரி ஒரு நோயல்ல

கண் மஞ்சளாகினால் எங்கட ஊர்களில் முதலில் ஓடுவது பரியாரியிடம்தான். கீழ்க்காய்நெல்லியை அரைச்சு மோரில குடி, எண்ணெயை விடு, உப்பை விடு. சில கிழமையில் மஞ்சள் போயிடும். "பாத்தியே, மருந்து கேட்டிட்டுது!"

கேட்டது மருந்தா? அழுக்குத் தண்ணியால் வரும் ஹெபடைற்றிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். பரியாரிக்குப் பேர் வாங்கிக் குடுத்தது அந்த வைரஸ்தான்.

செங்கமாரி நோயல்ல, அறிகுறி. பித்தப்பைக் கல் இறங்கிப் பித்தக் குழாயை அடைச்சாலும் கண் மஞ்சளாகும். வருசக்கணக்காய்க் குடிச்சு ஈரல் சுருங்கினாலும் மஞ்சளாகும். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால், நோவே இல்லாமலும் மஞ்சளாகும். அடைச்ச கல்லை எந்த இலைச்சாறும் எடுக்காது. மஞ்சளோட காய்ச்சல், நடுக்கம், வயிற்றுநோவு சேர்ந்தால் ஒருநாள் தாமதமும் உயிரைக் குடிக்கும்.

நாங்கள் சித்த மருத்துவத்தின் எதிரிகள் அல்ல. காரணம் தேடாமல் மருந்து குடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். அதற்குப் "பாரம்பரியம்" என்று பேர் வைக்காதேங்கோ.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் காசில்லை. முதலில் அங்க போங்கோ. பிழைச்சவர்தான் பரியாரியின் புகழ் பாடுவார்; செத்தவர் வந்து சாட்சி சொல்லமாட்டார்.