மது: மாணவர்கள் அஞ்சுவது எதற்கு?

புதுதில்லி: மது அருந்துவதற்கான சட்டப்பூர்வ வயது கோவாவில் 21, கேரளத்தில் 23, தில்லியில் 25. பிகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு அமலில் உள்ளது. 22 வயது கல்லூரி மாணவருக்குக் கோவாவில் அனுமதிக்கப்படுவது தில்லியில் அனுமதிக்கப்படுவதில்லை.

இதனால், மதுவின் விளைவு என்றதும் மாணவர்கள் மனதில் பெரும்பாலும் எழுவது விடுதிக் காப்பாளரின் நடவடிக்கையும் காவல் துறையின் சோதனையுமே. மது போதையில் வாகனம் ஓட்டி முதன்முறை பிடிபட்டால் ரூ.10,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் வகை செய்கிறது.

ஆனால், பிடிபடாத மாணவர் விளைவிலிருந்தே தப்பிவிட்டதாகக் கருதுவதில்தான் சிக்கல் உள்ளது. மது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதில் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு தெரிவித்தது. இந்தப் பாதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. கல்லூரி விழிப்புணர்வு முகாம்கள் தண்டனையை மட்டுமன்றி இதையும் எடுத்துரைப்பது அவசியமாகிறது.