இடம் கிடைத்தது, இனி யார் வழிகாட்டுவது?

ஆண்டுதோறும் சேர்க்கைக் காலம் முடிந்ததும் சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து நகரத்துக்குச் செல்லும் பேருந்துகளில் புதிய முகங்கள் சிலவற்றைக் காணலாம். பலர் தங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிப்பவர்கள். சென்டாக் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி வீட்டில் நிறைந்திருக்கிறது. ஆனால் இடம் கிடைப்பது வேறு, அந்த இடத்தில் வேரூன்றுவது வேறு.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 விழுக்காடு, புதுச்சேரியிலோ 61.5 விழுக்காடு. பெருமைப்படத்தக்க எண்தான். ஆயினும் இது உள்ளே நுழைந்தவர்களின் கணக்கு. எத்தனை பேர் பாடத்தைப் புரிந்துகொண்டு, நம்பிக்கையோடு பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள் என்பதை இந்த எண் சொல்வதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் முதலாண்டு மாணவர்க்கான அறிமுகப் பயிற்சிகள் தோன்றின. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970இல் மாணவர் கொந்தளிப்பு வெடித்தது. அதன்பின் 1972இல் அங்கே முதலாண்டினருக்கென்றே ஒரு சிறு குழுப் பாடம் தொடங்கப்பட்டது. மாணவர்களை அடக்குவதற்குப் பதிலாக, அவர்களுக்கும் கல்லூரிக்கும் உறவை உண்டாக்குவதே அதன் நோக்கம். நம் நாட்டில் காந்திநகர் ஐ.ஐ.டி. ஐந்து வார அடித்தளப் பயிற்சிக்குப் பிறகே வழக்கமான வகுப்புகளைத் தொடங்கியது. இத்தகைய அனுபவங்களின் அடிப்படையில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஏறத்தாழ 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருப்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

நடைமுறையில் நடப்பது என்ன? பல இடங்களில் இது ஒருநாள் விழாவாகச் சுருங்கிவிடுகிறது. மேடை, பொன்னாடை, நீண்ட உரைகள், விதிமுறைகள். மறுநாள் முதல் பாடம். கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை. மேலும், கலந்தாய்வு பல சுற்றுகளாக நீள்வதால், கடைசிச் சுற்றில் சேர்பவர்கள் வரும்போது இந்த நிகழ்ச்சி முடிந்துபோயிருக்கிறது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது கிடைக்காமல் போகலாம்.

அந்த மாணவருக்குத் தேவைப்படுவது பெரிய தத்துவம் அன்று. விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது எப்படி? நூலகத்தில் நூலைத் தேடுவது எப்படி? உள்மதிப்பீடு, வருகைப்பதிவு என்பவை என்ன? உதவித்தொகைக்கு யாரை அணுகுவது? ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரியாவிட்டால் எழுந்து கேட்கலாமா? படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றை அண்ணனோ அக்காவோ சொல்லித்தருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்ல யாரும் இல்லை. எனவே அவர் மௌனமாகிறார். அந்த மௌனத்தைத் திறமையின்மை என்று மற்றவர்களும் நினைக்கிறார்கள், காலப்போக்கில் அவரும் நம்பிவிடுகிறார்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டது தமிழகத்தை உலுக்கியது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. ஆனால் சட்டம் இருப்பதை அறிந்தவருக்குத்தான், தயங்காமல் பேச ஓர் ஆசிரியரை அறிந்தவருக்குத்தான் அது உண்மையில் பயன்படும்.

ஆகவே, மூன்று வாரங்களை ஒரே மூச்சில் முடித்துவிடாமல், முதல் பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம் சிறு குழுக்களாகச் சந்திப்பதே நம் கல்லூரிகளுக்கு ஏற்றது. தாமதமாகச் சேர்பவரும் இதில் இணைந்துகொள்ளலாம். வகுப்பில் கூட்டம் அதிகம், ஆசிரியர் குறைவு என்பது உண்மையே. மூத்த மாணவர்களைப் பயிற்றுவித்துத் துணை வழிகாட்டிகளாக்கினால் அந்தச் சுமை குறையும். அவர்கள் மீதான அச்சமும் நீங்கும்.

பெற்றோரே, ‘கட்டணம் கட்டிவிட்டோம், இனி அவன் பாடு’ என்று இருந்துவிடாதீர்கள். இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று தினமும் கேளுங்கள். ஊரில் பட்டம் பெற்ற இளையோரே, ஒரு ஞாயிறு மாலை புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அதற்கு மேடையோ பொன்னாடையோ தேவையில்லை.