நகல் எடுத்தால் போதுமா?

மார்ச் 31 வங்கிப் பணியாளர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். 2011 முதல் அதே நாள் 'உலகக் காப்பு நகல் நாள்' என்றும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. ஏப்ரல் முதல் தேதியன்று ஏமாந்து நிற்காமல் இருக்க, முந்தைய நாளே கணினியில் உள்ளவற்றுக்கு நகல் எடுத்து வையுங்கள் என்பது அந்தத் தேதிக்குச் சொல்லப்படும் காரணம்.

வங்கிகளுக்கு இது புதிய பாடம் அன்று. நான் பணியில் சேர்ந்த காலத்தில் கிளைகள் பலவும் மைய அமைப்பில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. கிளையின் கணக்குகள் அந்தக் கிளையின் சர்வரிலேயே இருந்தன. மாலையில் நாள் முடிவுப் பணி நிறைவடைந்ததும் அன்றைய தரவு முழுவதையும் காந்த நாடாவில் பதிவோம். ஒரு நாடா எங்கள் பெட்டகத்துக்குள் போகும். மற்றொன்று வேறொரு கிளைக்குப் போகும். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் அவை ஒன்றாகவே அழியும் என்பது மூத்த அதிகாரிகள் எங்களுக்குக் கற்பித்தது. இன்று வங்கிகள் முதன்மைத் தரவு மையத்தையும் பேரிடர் மீட்பு மையத்தையும் வெவ்வேறு நிலநடுக்க மண்டலங்களில் அமைப்பதற்கும் அதுவே காரணம்.

அலுவலகத்தில் இவ்வளவு கவனம் இருக்க, வீட்டுக் கணினியின் நிலை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை என் மனத்தில் ஆழமாகப் பதித்தது.

வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி கிளைக்கு வந்திருந்தார். கணவர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. நியமனதாரராக அவர் பெயர் பதிவாகியிருந்ததால் வைப்புத் தொகையை வழங்குவதில் சிக்கல் எழவில்லை. பின்னர் அவர் கைப்பையிலிருந்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கணவர் ஞாயிறுதோறும் தவறாமல் நகல் எடுத்து வைத்தது அது. காப்பீட்டுப் பத்திரங்கள், பங்கு முதலீட்டு விவரங்கள், மகளின் சிறுவயதுப் படங்கள் அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது. அதை வங்கியில் ஏதேனும் கொடுத்து வைத்தாரா என்று அவர் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பங்கு வைப்பகத்துக்கும் எழுதி விவரம் பெறும் வழியைச் சொல்லி அனுப்பினோம். படங்களுக்காக எழுதிக் கேட்பதற்கு எந்த அலுவலகமும் இல்லை.

அந்த மனிதர் நகல் எடுப்பதில் குறை வைக்கவில்லை. மீட்கும் வழியை மட்டும் தம்மோடு கொண்டு போய்விட்டார். காப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கருவி, என்ன விலை என்று கேட்பதற்கு முன், எந்த இழப்பிலிருந்து காக்கும், என்னைத் தவிர வேறு யாரால் மீட்க முடியும் என்னும் இரண்டையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இழப்பு மூன்று வகையில் வரும். கணினியின் டிஸ்க் பழுதாவது முதல் வகை. தவறுதலாக அழித்துவிடுவதும், 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற நச்சு நிரல் கோப்புகளைப் பூட்டிவிடுவதும் இரண்டாம் வகை. தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவை மூன்றாம் வகை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய நாளில் தரைத்தள வீட்டின் கணினியும், அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும் நகலும் சேர்ந்தே நனையும்.

வெளி ஹார்டு டிஸ்க் முதல் இழப்புக்கு நல்ல மருந்து. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிள் கணினியில் டைம் மெஷின் ஆகியவை கூடுதல் செலவின்றி நகல் எடுத்துத் தரும். எடுத்து முடித்ததும் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கணினியோடு இணைந்தே கிடக்கும் டிஸ்க்கையும் நச்சு நிரல் பூட்டிவிடும். பென் டிரைவ் இப்பணிக்கு ஏற்றதன்று; எளிதில் தொலையும், நெடுங்காலச் சேமிப்புக்கும் நம்பத்தக்கதன்று.

எல்லாம் கிளவுடில் இருக்கிறது, இனி டிஸ்க் எதற்கு என்று கேட்போர் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. வீட்டுக்கு நேரும் வெள்ளம் கிளவுடைத் தொடாது. ஆனால் பலர் பயன்படுத்துவது ஒத்திசைவு வசதியே. அதில் கணினியில் அழித்த கோப்பு அங்கும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அது 30 நாட்கள்தான் தங்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடமும் மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் மூன்றுக்கும் பொதுவானது. 200 ஜிபி அளவுள்ள படங்களை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும்.

ஆகவே சராசரிக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இரண்டும் சேர்ந்த முறை. அனைத்தும் வெளி டிஸ்க்கில், வாரம் ஒருமுறை. வருமான வரிப் படிவங்கள், சொத்து ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகள், தேர்ந்தெடுத்த படங்கள் கிளவுடிலும் இருக்கட்டும். கிளவுடை விரும்பாதவர் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி உடன்பிறந்தார் வீட்டில் வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது சாவி. டிஸ்க்கைப் பூட்டி வைப்பது சரியே. திருடனுக்கு நம் ஆவணங்கள் கிடைக்கக் கூடாது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டும்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டு, டிஸ்க்கோடு சேர்க்காமல் தனி உறையில் வைத்து, இருக்கும் இடத்தைத் துணைவரிடமோ வளர்ந்த பிள்ளைகளிடமோ சொல்லுங்கள். உறையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பதாயின் பெட்டகம் இருவரில் எவரும் தனித்துத் திறக்கக்கூடிய கூட்டுப் பெயரில் இருப்பது நல்லது. கூகுள் கணக்கு நெடுநாள் பயன்பாடின்றிக் கிடந்தால் அதன் தரவு யாரைச் சேர வேண்டும் என்பதை 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' பகுதியில் இன்றே பதிவு செய்யலாம். நாங்கள் கேட்கும் நியமனப் படிவத்துக்கு இணையானது அது.

கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்று ஓயாமல் சொல்லும் வங்கியே இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் அந்த உறையிலோ டிஸ்க்கிலோ எழுதவே கூடாது. எவரிடமும் சொல்லவும் கூடாது. உங்கள் பணம் குடும்பத்தைச் சேர அவை தேவையில்லை, நியமனம் போதும். குடும்பப் படங்களுக்கு அத்தகைய நியமனம் தானாக அமைவதில்லை.

வங்கிகள் மீட்பு மையத்தை அமைத்ததோடு நிற்பதில்லை. அங்கிருந்தே சேவையை நடத்தி அவ்வப்போது ஒத்திகை பார்க்கின்றன. வீட்டிலும் அது வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31-க்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, டிஸ்க்கை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து, ஒரு குறிப்பிட்ட படத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அருகில் அமருங்கள், ஆனால் உதவாதீர்கள். அவரால் எடுக்க முடிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த முறை சரியானது. முடியாவிட்டால், அதைச் சரிசெய்ய நீங்கள் அருகிலேயே இருக்கிறீர்கள்.