கரை தூய்மையானால் போதுமா?



2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் அதிகாலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் தார்க்குழம்பு போல் ஒதுங்கிற்று. உறிஞ்சும் இயந்திரங்கள் அதன் தடிப்பைத் தாங்காது திணறின. மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளி வாளியாக அள்ளினர். அவர்தம் உழைப்பை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: அள்ளியதை எங்கே கொட்டுவது?

1999 திசம்பர் 12-ஆம் நாள், பிரான்சு நாட்டின் பிரித்தானி கரைக்கு அப்பால் 'எரிக்கா' என்னும் கப்பல் இரண்டாகப் பிளந்தது. கடலில் கலந்த எண்ணெய் ஏறத்தாழ 20,000 டன். கரையில் சேர்ந்த கழிவோ 2,00,000 டன்னுக்கும் மேல்! கரை வெளுத்த பின்னும், அக்கழிவைப் பக்குவப்படுத்தி அகற்றச் சில ஆண்டுகள் பிடித்தன.

பத்து மடங்காய்ப் பெருகியது எங்ஙனம்? கனத்த எண்ணெய் கடல்நீரை உட்கொண்டு பருக்கின்றது. அதனோடு மணலும் கடற்பாசியும் சேர்கின்றன. துப்புரவு செய்வோரின் கையுறையும் உடையுங்கூடக் கழிவாகி விடுகின்றன. எனவே, நல்ல மணலை வாராது எண்ணெய்ப் படிவை மட்டும் அள்ளுவதே முதல் விவேகம். நீர்த்த எண்ணெய், எண்ணெய் தோய்ந்த மணல், பாசி, கையுறை ஆகியவற்றை அள்ளும்போதே தனித்தனியே பிரித்தல் வேண்டும். ஒன்றாய்க் கலந்துவிட்டால் பின்னர்ப் பிரிப்பது அரிது, செலவும் பன்மடங்கு.

சேர்த்து வைக்கும் குழி, அலை எட்டாத மேட்டில் அமைய வேண்டும். அடியில் கசிவைத் தடுக்கும் தடித்த விரிப்பும், மேலே மழை புகாத மூடாக்கும் தேவை. இல்லையேல் நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கும். கடலில் மிதந்த கேடு குடிநீர்க் கிணற்றுக்குக் குடிபெயரும். பின்னர், மீட்கக்கூடிய எண்ணெயை மீட்கலாம். எஞ்சியதைத் தக்க உலையில் எரிக்கலாம். சுண்ணாம்பு சேர்த்துக் கெட்டிப்படுத்தலாம். எண்ணூர்க் கழிவைத் துறைமுக வளாகத்துக் குழியிலிட்டு, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க ஏற்பாடு செய்தனர். இம்முறைக்குக் காலமும் பொறுமையும் வேண்டும்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நம் ஆண்டவர், மீந்த துண்டுகளையும் பன்னிரு கூடைகளில் சேர்க்கச் செய்தார். விருந்து முடிந்ததும் பணி முடிந்ததென அவர் எழுந்து போகவில்லை. நாமோ, நம் கண்ணுக்கு மறைந்த அழுக்கை ஒழிந்த அழுக்காக எண்ணிவிடுகிறோம். அது நம் வாசலை நீங்கி அயலார் வாசலை அடைந்திருக்கலாம். பெரும்பாலும் அந்த அயலார் ஏழைகளே.

படகு எந்திரத்தின் பழைய எண்ணெயைக் கடலிலோ, வண்டியின் கழிவெண்ணெயைச் சாக்கடையிலோ ஊற்றும் வேளையில் இதனை நினைப்போம். அயலாரை நேசிப்பது, நம் குப்பை அவரிடம் சென்று சேராமல் காப்பதிலும் அடங்கியுள்ளது அன்றோ?