மடக்கின் மேல் விழுந்த பழி

புள்ளியியல் கணக்கீட்டுக்கென உருவான ஆர் நிரல்மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதலில் கேட்கும் அறிவுரைகளுள் ஒன்று, ‘ஃபார்’ மடக்கை எழுதக் கூடாது என்பதாகும். மடக்கு, அதாவது லூப், என்பது ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு. சி, பைத்தான் முதலிய மொழிகளில் அதைத் தொடாமல் எழுதப்படும் நிரல்கள் மிகக் குறைவு. அத்தகைய அடிப்படைக் கருவியை ஆர் மொழியில் மட்டும் விலக்கி வைக்கச் சொல்லும் அறிவுரை, காரணம் விளக்கப்படாமல் வாய்வழியே பரவுவதால், மாணவருக்குத் தெளிவைத் தருவதற்கு மாறாக அச்சத்தையே தருகிறது.

அந்த அறிவுரைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் உள்ளிட்டோர் தொடங்கிய எஸ் மொழியின் வழிவந்த ஆர், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோரால் 1990-களில் உருவாக்கப்பட்டது. இம்மரபில் தனி எண் என்று ஒன்று கிடையாது. ஒற்றை எண்கூட ஓர் உறுப்பு மட்டுமே உடைய வெக்டராக, அதாவது ஒரே வகைத் தரவுகளின் வரிசையாக, கருதப்படுகிறது. ஆகவே 10,000 பேரின் உயரங்களைச் சென்டிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்ற ‘உயரம் / 100’ என்ற ஒரே வரி போதும். வகுத்தல் 10,000 முறை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சி மொழியில் எழுதப்பட்ட உட்பகுதியில் விரைந்து முடிந்துவிடுகிறது. அதையே மடக்காக எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வேலை சேரும் என்பது மெய்தான். எனினும் 2017-இல் வெளிவந்த 3.4.0 பதிப்பு முதல், மடக்குகள் இயங்குமுன் பைட்கோடு என்னும் இடைநிலை வடிவத்துக்குத் தாமாகவே மாற்றப்படுவதால், அந்தச் சுமை பெரிதும் குறைந்துவிட்டது.

உண்மையான தாமதம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் பிறக்கிறது. விடைகளைச் சேர்க்க வெற்று வெக்டர் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ‘விடை <- சி(விடை, புதிது)’ என்று ஒட்டிக்கொண்டே போவது தொடக்க நிலையினரின் வழக்கம். ‘சி’ என்னும் செயற்கூறு பழைய வெக்டரை நீட்டுவதில்லை; நினைவகத்தில் புதிய இடம் பிடித்து, பழைய உறுப்புகள் அனைத்தையும் அங்கே படியெடுத்து, இறுதியில் புதிய உறுப்பைச் சேர்க்கிறது. பேரேட்டில் ஒவ்வொரு வரி எழுதும்போதும் புதுப் பேரேடு வாங்கி, முந்தைய வரிகளை எல்லாம் அதில் பெயர்த்தெழுதும் கணக்கருடைய நிலைக்கு இது ஒப்பாகும். 10,000 விடைகளை இவ்வாறு சேர்த்தால் பழைய உறுப்புகளைப் படியெடுப்பது மட்டும் ஏறத்தாழ 5 கோடி முறை நிகழ்கிறது. விடைகள் 1 லட்சமானால் அது 500 கோடியாகிறது. மாறாக, மடக்குக்கு முன்பே ‘நியூமெரிக்(10000)’ என எழுதி இடத்தை ஒதுக்கிவிட்டு, ‘விடை[ஐ]’ என்று உரிய இடத்தில் நிரப்பினால் இந்தப் படியெடுப்பு அறவே நீங்குகிறது. இருவகை நிரலிலும் மடக்கு ஒன்றே; பழி மட்டும் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

மடக்கே இயல்பான வழியாக அமையும் கணக்குகளும் உண்டு. மாதம் 1 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய 1,00,000 ரூபாய்க் கடனில் 5,000 கட்டினால் முதல் மாத முடிவில் 96,000 மீதமாகும். அடுத்த மாத வட்டியான 960 அந்த மீதத்திலிருந்தே பிறக்கிறது. முந்தைய விடை தெரியாமல் அடுத்ததைத் தொட முடியாத இத்தகைய கணக்கை, கட்டும் தொகையும் மாதந்தோறும் மாறும்போது, மடக்கைப்போல் தெளிவாக எழுதும் வழி அரிது. மெட்ரோபோலிஸ் முதலானோர் 1953-இல் வெளியிட்ட தற்செயல் மாதிரி முறையும், ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படியைச் சார்ந்திருப்பதால், இவ்வகையே. ‘எஸ்அப்ளை’, ‘எல்அப்ளை’ போன்ற செயற்கூறுகளுக்கு மாறினால் வேகம் தானே வந்துவிடும் என்பதும் மிகையான நம்பிக்கை. அவை நிரலைச் சுருக்கமாக்குகின்றன, ஆனால் கொடுத்த செயற்கூற்றை உறுப்புக்கு ஒருமுறை அழைக்கவே செய்கின்றன.

வேகத்தைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய பிழை ஒன்றும் இங்கே உண்டு. ‘1:லெங்த்(எக்ஸ்)’ என்று சுற்றெண்ணைத் தருவது பரவலான பழக்கம். எக்ஸில் தரவே இல்லாதபோது அதன் நீளம் 0. ‘1:0’ என்பதை ஆர் மொழி 1, 0 என்ற இறங்குவரிசையாகக் கொள்வதால், ஒருமுறையும் இயங்கக் கூடாத மடக்கு இருமுறை இயங்குகிறது. எண் வெக்டரில் இல்லாத முதல் உறுப்பைக் கேட்டால் பிழைச்செய்திக்குப் பதிலாக ‘என்ஏ’ என்னும் விடுபட்ட மதிப்பே கிடைப்பதால், தவறு ஓசையின்றி முடிவு அட்டவணை வரை சென்றுவிடக்கூடும். ‘சீக்_அலாங்(எக்ஸ்)’ என்று எழுதினால் வெற்றுத் தரவுக்கு வெற்று வரிசையே கிடைக்கும், மடக்கும் தொடங்காது.

திரும்பச் செய்து பார்த்தல் புள்ளியியலுக்குக் கணினியோடு வந்த பழக்கமன்று. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் குறித்த அட்டைகளை நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 மாதிரிகளை ஆராய்ந்தார். இன்று அதை ஆர் மொழியில் செய்பவர், சராசரிகளுக்கென 750 இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டு, மூன்று வரி ‘ஃபார்’ மடக்கால் அவற்றை நிரப்பிவிடலாம்.